சங்கு ஊதினால் எந்தப் பக்கம் ஓடுவது?

5 ஜனவரி 2025, காலை 7.20 (கோவை வாசகர் ஒருவரின் பதிவு)

வெள்ளிக்கிழமை அதிகாலை மூன்று மணியளவில் எங்கள் ஊர் அவினாசி சாலை மேம்பாலத்தில் 18 டன் சமையல் எரிவாயு ஏற்றிவந்த டேங்கர் கவிழ்ந்ததை எல்லோரும் அறிவீர்கள். தீயணைப்பு வீரர்கள் மணிக்கணக்கில் தண்ணீரைப் பீய்ச்சினார்கள், அருகிலிருந்த பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள், அன்றே வண்டியைத் தூக்கியும் விட்டார்கள். என் வீட்டிலிருந்து சுமார் அரைக் கிலோமீட்டரில் எரிவாயு நிரப்பும் நிலையம் ஒன்று இருக்கிறது. பதினைந்து ஆண்டுகளாக அங்கே குடியிருக்கும் எனக்கு, அங்கு ஏதேனும் நேர்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. என் கட்சி இதுதான்: அவசரகாலத் திட்டம் என்பது கோப்புக்காக எழுதப்படுவது, வாயு கசிந்தால் ஓடுவதைத் தவிர வேறு திட்டம் கிடையாது. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

5 ஜனவரி 2025, இரவு 9.10

கோப்புக்காக எழுதப்படுவது என்பதில் பாதி உண்மை, அந்தப் பாதியை எழுதியவர்களில் நானும் ஒருவன். குளோரின் பயன்படுத்தும் ஒரு கடலோர ஆலையின் பாதுகாப்புப் பிரிவில் இருபத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்தேன். ஒவ்வொரு ஜனவரியிலும் முந்தைய ஆண்டின் கோப்பைத் திறந்து, அட்டையில் ஆண்டை மாற்றி, மாறுதலாகிப் போன மேலாளரின் பெயரை அடித்துப் புதியவரின் பெயரை எழுதி, கையொப்பம் வாங்கி, படியெடுத்து அனுப்பிவைப்பேன். உள்ளே இருந்த வரைபடத்தைப் பல ஆண்டுகள் நான் உற்றுப் பார்த்ததே இல்லை. அதன் விளைவைப் பிறகு எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். திட்டம் என்று நீங்கள் ஒருமையில் சொல்வது உண்மையில் இரண்டு. ஆலையின் சுவருக்குள் நடப்பதற்கான திட்டத்தை ஆலை உரிமையாளர் எழுத வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒத்திகையும் பார்க்க வேண்டும். சுவருக்கு வெளியே இருப்பவர்களுக்கான திட்டத்தை எழுதுவது மாவட்ட நிர்வாகத்தின் பொறுப்பு. ஆண்டுக்கு ஒருமுறையாவது அதற்கு ஒத்திகை நடத்த வேண்டும். 1989-ஆம் ஆண்டின் அபாயகரமான இரசாயனங்கள் குறித்த விதிகளில் 13-ஆவது விதியும் 14-ஆவது விதியும் இவற்றைச் சொல்கின்றன. போபாலுக்குப் பிறகு 1986-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டமும், 1987-இல் தொழிற்சாலைகள் சட்டத்துக்கு ஒரு புதிய அத்தியாயமும் வந்து, அவற்றின் பின்னால் வந்தவை இந்த விதிகள். உங்கள் புகார் இரண்டாவது திட்டத்தைப் பற்றியது. முதலாவது ஓரளவு உயிரோடுதான் இருக்கிறது, ஏனென்றால் தொழிற்சாலை ஆய்வாளர் வந்து கேட்பார் என்ற பயம் உண்டு. இரண்டாவதைக் கேட்க வேண்டியவர் நீங்கள்; அப்படி ஒன்று இருப்பதே உங்களுக்குத் தெரியாது.

மேம்பாலத்தில் நடந்தது இந்த இரண்டிலும் சேராத மூன்றாம் வகை. ஓடும் டேங்கருக்குச் சுவர் கிடையாது. அதன் பின்புறம் இருக்கும் பலகையும், சரக்கு என்ன, விபத்து நேர்ந்தால் என்ன செய்வது என்பதைச் சொல்லும், ஓட்டுநரிடம் இருக்க வேண்டிய ட்ரெம் கார்டும்தான் அதன் திட்டம். பலகையில் 1075 என்று இருந்தால் எல்.பி.ஜி., 1005 என்றால் அம்மோனியா, 1017 என்றால் குளோரின். இந்த மூன்று எண்களையும் மனப்பாடம் செய்துகொள்வது பல பாதுகாப்பு வார உறுதிமொழிகளைவிடப் பயனுள்ளது.

6 ஜனவரி 2025, காலை 6.45

‘ஓடுவது’ என்பதற்கு நேற்று பதில் சொல்லாமல் விட்டேன். ஓடுவது சரிதான், எந்தப் பக்கம் என்பதுதான் கேள்வி. வாயு மிதந்து வரும் திசையிலேயே ஓடினால் அது உங்களோடு கூடவே வரும், பெரும்பாலும் உங்களைவிட வேகமாக. காற்றுக்குக் குறுக்காக, அதாவது காற்று உங்கள் முதுகிலோ முகத்திலோ படாமல் தோளில் படும்படி நடந்து அந்தப் படலத்தின் விளிம்பைத் தாண்ட வேண்டும். திசை தெரியவில்லை என்றால் கொடிக்கம்பம், தேநீர்க்கடைப் புகை, காயப்போட்ட துணி, எதைப் பார்த்தாலும் போதும். குளோரின் காற்றைவிட இரண்டரை மடங்கு கனமானது என்பதால் பள்ளத்திலும் கால்வாயிலும் தேங்கும், ஆகையால் மேட்டுக்கோ மாடிக்கோ போங்கள். அம்மோனியா காற்றைவிட இலேசானது என்பதால் அது தானாக மேலே போய்விடும். அவ்வளவு கவலை வேண்டாம்.

6 ஜனவரி 2025, இரவு 10.05

எல்.பி.ஜி. பற்றிக் காலையில் ஒரு வரிகூட எழுதவில்லையே, கேட்டவர் குடியிருப்பதே எரிவாயு நிலையத்தின் அருகில்தானே என்று இரண்டு பேர் கடிந்துகொண்டார்கள். நியாயம். அதுவும் காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழும், ஆனால் அதன் முதல் ஆபத்து நச்சன்று, நெருப்பு. காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே பற்றிக்கொள்ளும் நிலைக்கு வந்துவிடும். ஆகையால் ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பாதீர்கள், விளக்கு சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம், நடந்தே போங்கள். 2012 ஆகஸ்ட் 27 இரவு கண்ணூர் அருகே சாலாவில் டேங்கர் கவிழ்ந்து பற்றியதில் 20 பேர் இறந்தார்கள். 2014 ஜூன் 27 அதிகாலை ஆந்திராவின் நகரத்தில் (ஊர்ப் பெயரே நகரம்தான்) குழாயிலிருந்து கசிந்து பரவிய இயற்கை எரிவாயுவைப் பற்றவைத்தது ஒரு தேநீர்க்கடை அடுப்பு என்றுதான் செய்திகள் வந்தன.

இன்னொன்று. டேங்கரோ புல்லட் எனப்படும் நீள் உருளைத் தொட்டியோ தீயில் வெந்துகொண்டிருந்தால் அதைப் பார்க்க நிற்கக் கூடாது. உள்ளே திரவம் கொதித்து, ஓடு கிழிந்து, மொத்தமும் ஒரே நொடியில் தீக்கோளமாக எழும். தீப்பற்றிய டேங்கர் என்றால் சுற்றிலும் 1,600 மீட்டர் தூரத்துக்கு ஆளே இருக்கக் கூடாது என்பது வட அமெரிக்கத் தீயணைப்பு வண்டிகளில் இருக்கும் கையேட்டின் கணக்கு. நம் ஊரில் 1,600 மீட்டர் என்பது கைப்பேசியில் படம் பிடிக்க வருபவர்கள் கூடத் தொடங்கும் தூரம்.

8 ஜனவரி 2025, மாலை 4.30

அம்மோனியா பற்றி நான் எழுதியதை அடித்துவிடுங்கள். துறைமுகத்துப் பக்கம் ஐஸ் கம்பெனி நடத்தும் நண்பர் அதைப் படித்துவிட்டுத் தொலைபேசியில் சத்தம் போட்டார், சத்தம் போட்டதில் தவறே இல்லை. வாயுவாக மட்டும் பார்த்தால் அம்மோனியா இலேசுதான், பாடப்புத்தகமும் அதைத்தான் சொல்லும். ஆனால் தொட்டியிலும் குழாயிலும் அது அழுத்தத்தாலோ குளிராலோ திரவமாக்கப்பட்டு இருக்கிறது. கழித்தல் 33 டிகிரியில் கொதிப்பது. கசியும்போது நுண்துளிகளும் பனியுமாக, சுற்றியுள்ள காற்றையும் குளிரவைத்துக்கொண்டு, வெள்ளைப் படலமாகத் தரையோடு தரையாகத்தான் நகரும். சூடேறிய பிறகுதான் எழும்பும். அதற்குள் ஒரு தெருவைக் கடந்திருக்கும்.

நண்பர் சொன்ன இன்னொன்றும் முக்கியம். அம்மோனியா தண்ணீரில் அள்ளிக்கொண்டு கரையும் என்பதால் படலத்தின் மீது தண்ணீர்த் திரை போடுவது பலன் தரும், ஆனால் தரையில் தேங்கிய திரவத்தின் மீது தண்ணீரை ஊற்றினால் அது கொதித்தெழுந்து படலம் இரட்டிப்பாகும். குளோரின் கசியும் துளையில் தண்ணீர் பட்டால் அமிலமாகி உலோகத்தை அரித்துத் துளையைப் பெரிதாக்கும். எதற்கும் முதலில் தண்ணீர் அடி என்ற நம் கை வழக்கம் மூன்று வாயுக்களுக்கு மூன்று விதமாகப் பலிக்கும்.

11 ஜனவரி 2025, இரவு 11.40

வரைபடத்தைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன் என்றேன். இதை இதுவரை எங்கும் எழுதியதில்லை. ஆலையின் பெயரைக் கேட்காதீர்கள்.

குளோரின் எங்களுக்கு டன்னர் எனப்படும் பெரிய இரும்பு உருளைகளில் வரும். ஒன்றுக்கு 900 கிலோ. கடலை ஒட்டிக் கிழக்கே ஒரு குப்பம், மேற்கே சாலை, நடுவில் ஆலை. ஒத்திகை எப்போதும் ஏப்ரல் மாதத் தீயணைப்பு வாரத்தில், நண்பகல் நெருங்கும் நேரத்தில், விருந்தினர்கள் வந்து சேர்ந்த பிறகு நடக்கும். அந்நேரத்தில் கடற்காற்று ஏறியிருக்கும், திசைகாட்டித் துணி மேற்குப் பக்கமாகப் புடைத்து நிற்கும், ஆகையால் எல்லோரும் காற்றுக்கு எதிராகக் கிழக்கு வாசலருகே இருந்த கூடுமிடத்துக்குப் போய் வரிசையில் நிற்போம். அங்கே நிழலுக்கு ஒரு புங்கமரமும் உண்டு. வரைபடத்திலும் அதுவே: கூடுமிடம் கிழக்கே, வாயு போகும் அம்புக்குறி மேற்கே, குப்பத்தின் மீது ஒரு கோடுகூட இல்லை.

கசிந்தது இரவு இரண்டு மணிக்கு. டன்னரை மாற்றி இணைக்கும்போது செப்புக் குழாயின் முனையில் போட வேண்டிய ஈய வாஷரை, பழையதே நன்றாக இருக்கிறது என்று மறுபடி போட்டிருந்தார்கள். அன்று நான் ஆலை விருந்தினர் விடுதியில் தங்கியிருந்தேன். அறையை விட்டு வெளியே வந்ததும் மூக்கில் பிளீச்சிங் பவுடர் நெடி. நிமிர்ந்து துணியைப் பார்த்தேன். வெயிலில் நைந்து பாதி கிழிந்த அந்தத் துணி, தொங்கலாக, ஆனால் ஐயத்துக்கிடமின்றிக் கிழக்கே சாய்ந்திருந்தது. இரவில் காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போகும் என்பது குப்பத்தில் கட்டுமரம் தள்ளும் சிறுவனுக்குக்கூடத் தெரியும். இருபது ஆண்டு திட்டம் எழுதிய எனக்கு அந்த நொடியில்தான் உறைத்தது. ஷிஃப்ட் ஆட்கள் பன்னிரண்டு பேர், பழக்கிய பழக்கத்தின்படி, புங்கமரத்தடியில் வாயுவின் வழியிலேயே வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள்.

அவர்களைத் தெற்கே விரட்டினேன். மூச்சுக்கருவி மாட்டிய இருவர் உள்ளே போய், குச்சியில் சுற்றிய துணியை அம்மோனியாக் கரைசலில் நனைத்துக் காட்டி, வெண்புகை எழுந்த இடத்தைக் கண்டுபிடித்து, வால்வை மூடினார்கள். எல்லாம் இருபது நிமிடத்துக்குள். சங்கையும் விதிப்படி மூன்று நீண்ட முறை ஊதினோம்.

காலையில் குப்பத்துக்குப் போனேன். சிலருக்கு இருமல், கண்ணெரிச்சல். இரண்டு குழந்தைகளை அரசு மருத்துவமனைக்கு அனுப்பினோம், மாலையில் திரும்பிவிட்டார்கள். ஒரு பாட்டி திண்ணையில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். ராத்திரி சங்கு கேட்டீர்களா ஆத்தா என்று கேட்டேன். “கேட்டுச்சு தம்பி. ரெண்டு மணிச் சங்கு ஊதிருச்சே, உலையே வைக்கலையேன்னு எந்திரிச்சேன். வெளிய வந்தா இருட்டா கிடக்கு” என்றார். எங்கள் ஷிஃப்ட் சங்கு காலை ஆறுக்கும், மதியம் இரண்டுக்கும், இரவு பத்துக்கும் ஊதும். மூன்று நீண்ட ஊதல் என்றால் அபாயம் என்பது எங்கள் கோப்பின் ஆறாவது பக்கத்தில் இருந்தது. அந்தப் பாட்டிக்கு அது உலை வைக்கும் நேரம்.

12 ஜனவரி 2025, காலை 8.15

நேற்றைய குறிப்பைப் படித்த ஒருவர், ‘சங்கு ஊதியாயிற்று என்றால் நம் ஊரில் ஆள் போய்விட்டான் என்று பொருள், அந்தச் சொல்லையே எச்சரிக்கைக்கு வைத்தது யார்’ என்று கேட்டிருக்கிறார். வைத்தவர்கள் பஞ்சாலைக்காரர்களாக இருக்க வேண்டும். சைரன் என்று எழுதிவைத்தாலும் வாயில் சங்கு என்றுதான் வரும். அந்தப் பாட்டியிடமே இதைச் சொல்லியிருந்தால், ரெண்டு சங்கும் ஒண்ணுதானே தம்பி, ஒண்ணு முன்னாடி, ஒண்ணு பின்னாடி என்றிருப்பார்.

15 ஜனவரி 2025, மாலை 6.00

மாட்டுப் பொங்கலன்று இதை எழுதுவதற்கு மன்னிக்கவும், நான்கு நாளாக மனத்தில் ஓடுகிறது. பெரிய வாயு விபத்துகளின் நேரங்களை வரிசையாக எழுதிப் பார்த்தேன். 1966-இல் பிரான்சின் ஃபேசான், விடியுமுன். 1984 நவம்பர் 19, மெக்சிகோ நகரத்தை ஒட்டிய சான் ஹுவானிக்கோ, அதிகாலை. சுமார் 500 பேர். அதற்கு இரண்டு வாரம் கழித்துப் போபால், நள்ளிரவு. 1997 செப்டம்பர் 14, விசாகப்பட்டினம் சுத்திகரிப்பு ஆலையில் எல்.பி.ஜி. தீ, ஞாயிறு காலை. சுமார் 60 பேர். அதே ஊரில் 2020 மே 7, பிளாஸ்டிக் ஆலையிலிருந்து ஸ்டைரீன் என்ற இரசாயனத்தின் ஆவி, அதிகாலை மூன்று மணி; 12 பேர். 2023 டிசம்பர் 26, எண்ணூர் அம்மோனியா, இரவு பதினொன்றே முக்கால். நம் மேம்பாலமும் மூன்று மணிதான்.

ஒத்திகைகள் எல்லாம் பகலில், விபத்துகள் எல்லாம் இரவில். இரவில் தரை குளிர்ந்து காற்று அடுக்கடுக்காகப் படிந்து நிற்பதால் வாயு கலைந்து நீர்த்துப்போகாமல் நெடுந்தூரம் தவழும். மக்கள் உறங்குகிறார்கள், முடிவெடுக்க வேண்டியவரும் உறங்குகிறார், அவரை எழுப்பலாமா என்ற தயக்கத்தில் ஷிஃப்ட் பொறுப்பாளர் பத்து நிமிடம் கழிக்கிறார். விசாகப்பட்டினத்தில் 2020-இல் அபாயச் சங்கை ஒலிக்கவைக்க ஆலைக்குள் 36 இடங்களில் வசதி இருந்தும் ஒருவரும் அழுத்தவில்லை என்று மாநில அரசின் உயர்நிலைக் குழு எழுதியது. போபாலில் வெளிச்சங்கு ஊதத் தொடங்கிச் சற்று நேரத்தில் நிறுத்தப்பட்டது. சிறு கசிவுக்கெல்லாம் அக்கம்பக்கத்தாரைக் கலவரப்படுத்தக் கூடாது என்பது அங்கே நடைமுறையாக இருந்தது. ஆலைக்குள் இரவுப் பணியில் இருந்தவர்கள் காற்றுக்கு எதிர்த்திசையில் வெளியேறித் தப்பினார்கள், சுவருக்கு வெளியே இருந்தவர்களுக்குத் திசையைச் சொல்ல ஆளில்லை.

17 ஜனவரி 2025, காலை 10.20

‘விபத்துகள் எல்லாம் இரவில்’ என்றது மிகை. இத்தாலியின் செவேசோ 1976 ஜூலை 10 நண்பகல், இங்கிலாந்தின் ஃபிளிக்ஸ்பரோ 1974 ஜூன் 1 மாலை, பிரான்சின் துலூஸ் 2001 செப்டம்பர் 21 காலை பத்து மணி தாண்டி என்று ஒரு வேதியியல் ஆசிரியர் மூன்றை எடுத்துப் போட்டிருக்கிறார். 1985 டிசம்பர் 4, டில்லியில் ஓலியம் என்ற புகையும் கந்தக அமிலம் கசிந்ததும் பகலில்தான். இழப்பீட்டுக்கு ஆலையே முழுப் பொறுப்பு, சாக்குப்போக்கு செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கு அதிலிருந்து பிறந்தது. எனக்கு வசதியானவற்றை மட்டும் அடுக்கியிருக்கிறேன், ஒப்புக்கொள்கிறேன்.

ஆனாலும் ஆசிரியரின் பட்டியலைத் திரும்பப் பார்த்தேன். செவேசோவும் ஃபிளிக்ஸ்பரோவும் சனிக்கிழமைகள். ஆகையால் என் கூற்றைச் சுருக்கிக்கொள்கிறேன்: ஆபீஸ் கட்டடத்தில் ஆள் இல்லாத நேரத்துக்கு யாரும் திட்டம் எழுதுவதில்லை. ஒரு வாரத்தில் 168 மணி நேரம். பொது ஷிஃப்ட் அதில் 48. துலூஸ் வெள்ளிக்கிழமை, டில்லி புதன்கிழமை, அவற்றுக்கு என்னிடம் பதில் இல்லை.

எண்ணூரில் இன்னொரு கோணமும் உண்டு. அங்கே கசிந்தது ஆலைக்குள் இருந்த தொட்டி அன்று, கப்பலிலிருந்து ஆலைக்கு வரும் கடலடிக் குழாய். பெரியகுப்பத்து மக்கள் நெடி தாளாமல் எழுந்து, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் சாலைக்கு ஓடினார்கள். கோப்புகள் வட்டம் போடும்போது காம்பஸின் முள்ளைச் சேமிப்புத் தொட்டியின் மீதுதான் ஊன்றுவார்கள், நானும் அப்படித்தான் ஊன்றினேன். வட்டத்தின் மையம் கடலில் இருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றியிருக்காது.

21 ஜனவரி 2025, இரவு 8.30

இழையைத் தொடங்கிய கோவைக்காரர் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கே போய் வந்திருக்கிறார், பாராட்டுகள். ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு அனுப்பினார்களாம்; மூன்றாவது மேசையில் இருந்தவர், ‘அது ரகசியம் சார்’ என்றாராம்.

முழுத் திட்டத்தையும் தர வேண்டாம் என்று வாதிடுவதில் பொருள் இருக்கலாம். எந்த வால்வு எங்கே என்பது ஊருக்குத் தேவையில்லை. ஆனால் விபத்து நேர்ந்தால் பாதிக்கப்படக்கூடியவர்களுக்கு, ஆபத்து என்ன, நேர்ந்தால் என்ன செய்ய வேண்டும், செய்யக் கூடாது என்பதைத் தெரிவிப்பது ஆலையின் சட்டக் கடமை. அதே 1989 விதிகளில் 15-ஆவது. அதைக் கேளுங்கள். ‘திட்டத்தைக் கொடுங்கள்’ என்று கேட்டால் எல்லோரும் கோப்பைப் பூட்டுவார்கள். ‘எங்கள் தெருவுக்கு 15-ஆவது விதிப்படி எப்போது தகவல் கொடுத்தீர்கள், அதன் படியைக் காட்டுங்கள்’ என்று எழுதிக் கேட்டால் அவர்கள்தான் பதில் தேட வேண்டும்.

1996-இல் வந்த இரசாயன விபத்து விதிகளையும் மறந்துவிடாதீர்கள். மத்தியில் தொடங்கி மாநிலம், மாவட்டம், வட்டாரம் வரை நான்கு படிகளில் நெருக்கடிக் குழுக்கள் இருக்க வேண்டும் என்று அவை சொல்கின்றன. வட்டாரக் குழு மாதம் ஒருமுறை கூட வேண்டும். அதில் தொழிற்சாலை ஆய்வாளர், தீயணைப்பு அலுவலர், காவல் ஆய்வாளர், மருத்துவர்கள், ஊர்த் தலைவர், தொண்டு நிறுவனத்தார் ஆகியோரோடு உள்ளூர்ப் பத்திரிகை ஆசிரியருக்கும் இடம் உண்டு. நான் கலந்துகொண்ட கூட்டங்களில் ஆசிரியர் நாற்காலியில் விளம்பரப் பிரிவிலிருந்து ஒருவர் வந்து உட்கார்ந்து, மிக்சரும் காபியும் முடிந்ததும் போய்விடுவார். ஊர்த் தலைவர் ஒரே ஒருமுறை பேசினார். ‘உங்கள் லாரியெல்லாம் பள்ளிக்கூடத்து வாசலில்தான் நிற்கிறது, அதைப் பற்றி இந்தக் கோப்பில் என்ன எழுதியிருக்கிறது’ என்று கேட்டார். கூட்டக் குறிப்பில் ‘போக்குவரத்து குறித்து விவாதிக்கப்பட்டது’ என்று எழுதினேன்.

27 ஜனவரி 2025, காலை 9.00

ஓடுவதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம், உள்ளேயே இருப்பதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கசிவு சிறிது நேரத்தில் நிற்கக்கூடியது என்றால், கதவு சன்னல்களை அடைத்து, மின்விசிறியை நிறுத்தி, கதவிடுக்கில் ஈரத்துணி திணித்து, ஈரத்துணியால் மூக்கை மூடி, மேல்மாடி அறையில் இருப்பது வெளியே ஓடுவதைவிட நல்லது. குளோரினுக்கும் அம்மோனியாவுக்கும் ஈரத்துணி ஓரளவு உதவும், எல்.பி.ஜி.க்கு உதவாது. எல்.பி.ஜி. என்றால் உள்ளே இருக்கவும் கூடாது. நான் முன்பே சொன்னபடி சுவிட்சைத் தொடாமல் நடந்து வெளியேறுவதுதான்.

இதை எழுதிவிட்டுக் குப்பத்தை நினைத்துக்கொண்டேன். ஓலைக்குடிசையின் எந்த இடுக்கில் துணி திணிப்பது? அங்கே கான்கிரீட் கட்டடம் என்று இருந்தது புயல் பாதுகாப்பு மையம் மட்டுமே. மாடியும் உண்டு, நூறு பேர் தாராளமாக நிற்கலாம். அதன் சாவி தலையாரியிடம் இருக்கும், தலையாரி வீடு மூன்று கிலோமீட்டர். அந்த இரவுக்குப் பிறகு நான் செய்த ஒரே உருப்படியான காரியம், இன்னொரு சாவி அடித்து அந்தப் பாட்டியின் வீட்டுக்கு எதிரே மளிகைக்கடை வைத்திருந்தவரிடம் கொடுக்கச் செய்ததுதான். கோப்பில் அதற்கான கட்டம் இல்லை, அதனால் எழுதவில்லை. அம்புக்குறியை மட்டும் மாற்றினேன்: பகலுக்கு ஒரு வரைபடம், இரவுக்கு ஒரு வரைபடம். கூடுமிடமும் இரண்டு. இரண்டாவதற்கு நிழல் இல்லை என்று தொழிற்சங்கத்தில் மனு கொடுத்தார்கள். இரவில் எதற்கு நிழல் என்று கேட்டதும் சிரித்துவிட்டுத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

கைப்பேசி எச்சரிக்கை வந்துவிட்டதே, இன்னும் சங்கைக் கட்டிக்கொண்டு அழுவானேன் என்று ஓர் இளைஞர் கேட்கிறார். 2023 அக்டோபரில் சோதனைக்காக எல்லோர் கைப்பேசியும் ஒரே நேரத்தில் அலறியது எனக்கும் நினைவிருக்கிறது. நல்ல வசதிதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பொத்தானை அழுத்தச் சொல்லி ஆலையிலிருந்து யாரோ ஒருவர் இரவு இரண்டு மணிக்கு யாரோ ஒருவரை எழுப்ப வேண்டும், மறுபடியும் அதே பத்து நிமிடத் தயக்கம். போபால் ரயில் நிலையத்தில் துணைக் கண்காணிப்பாளராக இருந்த குலாம் தஸ்தகீர், நின்றிருந்த ரயிலை மேலிடத்து உத்தரவுக்குக் காத்திராமல் முன்கூட்டியே அனுப்பிவைத்தார் என்பதை இத்தனை ஆண்டுகள் கழித்தும் பேசுகிறோம். அவர் எந்தத் திட்டத்திலும் இருந்தவர் அல்லர்.

2 பிப்ரவரி 2025, மதியம் 3.15

கோவைக்காரருக்கு நிலையத்திலிருந்து ஒரு பக்கத் துண்டறிக்கை வந்திருக்கிறது. வாயுவின் பெயரும், நெடி எப்படி இருக்கும் என்பதும், செய்யக் கூடாதவையும் தமிழில் இருப்பதாகச் சொல்கிறார். எந்தப் பக்கம் போக வேண்டும் என்பது மட்டும் இல்லையாம். கீழே ஐந்து தொலைபேசி எண்கள் இருக்கின்றனவாம்.

அதைக் கேட்டதும் அலமாரியைக் குடைந்து, ஓய்வு பெறுமுன் நான் கடைசியாக எழுதிய கோப்பின் வீட்டுப் படியை எடுத்தேன். 2014-ஆம் ஆண்டுப் பதிப்பு. பின்னிணைப்பில் அவசரத்துக்கு அழைக்க வேண்டிய பதினான்கு எண்கள். ஞாயிறு மதியம் வேறு வேலையில்லை, ஒவ்வொன்றாக அழைத்தேன். ஆறு எண்கள் உபயோகத்தில் இல்லை. மூன்றில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஒன்று மொபைல் ரீசார்ஜ் கடை. ஒன்றில் ஒரு குழந்தை எடுத்து, தாத்தா தூங்குகிறார் என்று வைத்துவிட்டது. இரண்டு தீயணைப்பு நிலையங்கள் முதல் மணியிலேயே எடுத்தார்கள், சோதனைக்காகத்தான் என்று சொன்னதும் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். பதினான்காவது எண்ணை எடுத்தவர் அந்நாளில் அங்கே காவல் ஆய்வாளராக இருந்தவர். இப்போது ஓய்வு பெற்றுத் தேனிப் பக்கம் வாழைத்தோட்டம் வைத்திருக்கிறார். நான் யார் என்று சொல்லி முடிப்பதற்குள் குரல் மாறிவிட்டது.

“எந்த கேஸ் சார், குளோரினா? காத்து எந்தப் பக்கம் அடிக்குது?” என்றார்.